போனில் திறந்து பார்த்தீர்களா? வலை வடிவமைப்பு கேள்வி-பதில்

எங்கள் குத்துவிளக்குக் கடைக்கு நானே வெப்சைட் செய்தேன். லேப்டாப்பில் அழகாக இருக்கிறது, போனில் எல்லாம் எறும்பு மாதிரி தெரிகிறது. திரை அகலத்துக்கேற்ப தோற்றத்தை மாற்றும் மீடியா குவரி எழுதியும் பலனில்லை. (நாச்சியார்கோவில் வாசகர்)

வியூபோர்ட் மெட்டா டேக் விட்டுப்போயிருக்கும். பக்கத்தைத் திரையின் அகலத்துக்கே காட்டு என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி அது. அது இல்லையென்றால் போன் பிரவுசர் உங்கள் பக்கத்தின் அகலத்தைச் சுமார் 980 பிக்சல் என்று வைத்துக்கொண்டு மொத்தத்தையும் சுருக்கிக் காட்டும். 600 பிக்சலுக்கு நீங்கள் எழுதிய மீடியா குவரி அங்கே எப்படி வேலை செய்யும்? ஹெட் பகுதியில் அந்த ஒரு வரியைச் சேருங்கள். படங்களுக்கு மேக்ஸ்-விட்த் 100% (max-width: 100%), கூடவே ஹைட் ஆட்டோ (height: auto). விளக்கு உயரமான பொருள்; அகலம் மட்டும் சுருங்கினால் ஐந்தடி விளக்கு ஊசி மாதிரி நிற்கும்.

என் சைட் மொபைலில் சரியாக வரவில்லை. என்ன காரணம்? (பாபநாசம் வாசகர்)

எந்தப் பக்கம், எந்தப் போன், என்ன வரவில்லை? ஒன்றும் எழுதவில்லை. பம்புசெட் ஓடவில்லை என்று மட்டும் கடிதம் போட்டால் மெக்கானிக் என்ன செய்வார், தம்பி? பக்கத்தின் கோடும் (code) ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்புங்கள்.

ஹெடர், நேவ், மெயின் டேகெல்லாம் எதற்கு? வெறும் பெட்டியான டிவ் வைத்தாலும் திரையில் ஒரே மாதிரிதானே தெரிகிறது? (கல்லூரி மாணவி, மன்னார்குடி)

கண்ணுக்கு ஒரே மாதிரிதான். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு அப்படியில்லை. மெயின் இருந்தால் மெனுவைத் தாண்டி நேராக விஷயத்துக்குப் போகலாம், தலைப்பு டேக் இருந்தால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். பட்டனுக்கு டிவ் போட்டு ஆன்கிளிக் எழுதாதீர்கள். உண்மையான பட்டன் டேகில் டேப் கீயும் என்டர் கீயும் இலவசமாக வேலை செய்யும். முதலில் பக்கத்தின் கட்டமைப்பான ஹெச்டிஎம்எல்லை ஒழுங்காக எழுதுங்கள், அப்புறம் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ்.

கல்யாண மண்டபத்துக்கு சைட் செய்கிறேன். தமிழ் ஃபாண்ட் தொல்லை வேண்டாமென்று வாடகை விவரத்தை பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்து ஜேபெக் படமாகப் போட்டுவிட்டேன். சரிதானே? (திருவாரூர் வாசகர்)

சரியில்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

என் பள்ளித் தோழன் ஒருவனுக்குப் பத்து வருடத்துக்கு முன் பார்வை போய்விட்டது. போனை டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் வைத்துத்தான் பயன்படுத்துகிறான். மகள் கல்யாணத்துக்கு மண்டபம் தேடியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மண்டபத்தின் சைட்டைத் திறந்து விரலால் தடவிக்கொண்டே போனான். ‘படம்’ என்றது. மறுபடி ‘படம்’. அப்புறம் ஏதோ ஒரு ஃபைல் பெயர். வாடகை, எத்தனை பேர் உட்காரலாம், சமையல்கட்டு உண்டா என்பது எல்லாம் அந்தப் படங்களுக்குள் இருந்தது. சரி, போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்றால் போன் நம்பரும் படத்துக்குள். “நீயே படிச்சுச் சொல்லுடா” என்று போனை என்னிடம் நீட்டினான். எல்லா வேலையும் தானே செய்துகொள்கிறவன் அவன். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பார்வை உள்ளவருக்கு மட்டும் இது வசதியா? படத்திலுள்ள எழுத்து சின்னத் திரையில் வரி மடங்காது, சுருங்கத்தான் செய்யும். நம்பரைத் தொட்டால் போன் அழைப்பு போகாது. தேடினாலும் சிக்காது. பாமினியில் அடித்ததை அப்படியே ஒட்டினாலும் உருப்படாது, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடில் அடியுங்கள். ஃபாண்ட் தொல்லை என்பதெல்லாம் பழைய கதை. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற ஃபாண்ட் இலவசம். வரி உயரம் 1.6க்குக் குறையாமல் வையுங்கள், கொம்பும் சுழியும் இடிக்காது. ஹெச்டிஎம்எல் டேகில் லாங் (lang) மதிப்பைத் தமிழைக் குறிக்கும் ta என்று குறியுங்கள், இல்லையென்றால் தமிழை ஆங்கிலக் குரல் படிக்கப் பார்க்கும். மண்டபத்தின் போட்டோ தாராளமாக இருக்கட்டும், படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஆல்ட் வரியோடு.

பக்கத்தின் அமைப்பு மாறும் அகலங்கள், அதாவது பிரேக்பாயிண்ட், எத்தனை வைக்க வேண்டும்? (மயிலாடுதுறை வாசகர்)

போன் மாடலைப் பார்த்து வைக்காதீர்கள். சின்னத் திரைக்கு முதலில் எழுதி, பிரவுசரை மெல்ல அகலமாக்குங்கள். எங்கே பக்கம் கெடுகிறதோ அங்கே ஒன்று. இரண்டு மூன்றில் முடிந்துவிடும்.

ரெடிமேட் சிஎஸ்எஸ் தொகுப்பான பூட்ஸ்டிராப்பை நேரடியாகக் கற்றுக்கொள்ளலாமா? (கும்பகோணம் வாசகர்)

இரண்டு மாதம் கழித்து. முதலில் ஹெச்டிஎம்எல், அப்புறம் சிஎஸ்எஸ், அதில் பக்கத்தின் பகுதிகளை அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட். கிரிட் 2017லிருந்தே பெரிய பிரவுசர்களில் இருக்கிறது. எம்டிஎன் (MDN) என்ற வலைப் பாடத் தளத்தில் இதெல்லாம் இலவசம்.

அறுவடை மெஷின் வாடகை அட்டவணையில் ஏழு நெடுவரிசை. போனில் பக்கமே இடமும் வலமும் ஆடுகிறது. அட்டவணையை டிவ்வாக மாற்றிவிடவா? (ஒரத்தநாடு வாசகர்)

வேண்டாம். பெல்ட் மெஷின், டயர் மெஷின், மணிக்கு இவ்வளவு என்பதெல்லாம் அட்டவணைதான், டேபிள் டேகிலேயே இருக்கட்டும். தலைப்புக் கட்டங்களுக்கு டிஹெச். டேபிளைச் சுற்றி ஒரு டிவ் போட்டு (இங்கே டிவ் சரிதான்) ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ கொடுங்கள். அட்டவணை மட்டும் நகரும், பக்கம் அசையாது.

நீங்கள் அனுப்பிய படத்தில் வெள்ளையில் இளஞ்சாம்பல் எழுத்து தெரிகிறது. வயல் வரப்பில் வெயிலில் நின்று பார்க்கிறவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், அதாவது கான்ட்ராஸ்ட், குறைந்தது 4.5க்கு 1 வேண்டும். மாற்றிவிட்டு மத்தியான வெயிலில் போனில் திறந்து பாருங்கள்.