வெற்றியும் ஊழலும் சேர்ந்தே நினைவுக்கு வரும் கல்லூரி விளையாட்டு நிர்வாகி யார்?

என்னைக் கேட்டால் டாம் ஜூரிச் என்பேன். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லூயிவில் பல்கலைக்கழகத்தில் 1997 முதல் 2017 வரை அத்லெட்டிக் டைரக்டராக, அதாவது விளையாட்டுத் துறைத் தலைவராக, இருந்தவர். அந்த ஊரில் சில வருடம் குடியிருந்ததால், மக்கள் அவரை எப்படிக் கொண்டாடினார்கள் என்று நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

கோச்சை நியமிப்பது, நன்கொடை திரட்டுவது, எந்தக் கான்ஃபரன்ஸில் (பல கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்) ஆடுவது என்று பேசி முடிப்பது, எல்லாம் அந்தப் பதவியில் இருப்பவர் பொறுப்பு. கான்ஃபரன்ஸ் யுஎஸ்ஏ என்ற லீக்கில் இருந்த லூயிவில்லை 2005-ல் பிக் ஈஸ்ட் லீக்குக்கும், 2014-ல் ஏசிசி லீக்குக்கும் கொண்டுபோனார். டியூக், நார்த் கரோலைனா மாதிரி பெரிய அணிகள் இருக்கிற இடம் ஏசிசி. டிவி பணமும் அங்கேதான். பேஸ்பால், பெண்கள் பாஸ்கெட்பால் எல்லாமே அவர் காலத்தில் வளர்ந்தன. இதையெல்லாம் யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது.

2001-ல் ரிக் பிட்டினோவை ஆண்கள் பாஸ்கெட்பால் கோச்சாக அழைத்து வந்ததும் அவர்தான். 2013 ஏப்ரலில் மிச்சிகன் பல்கலைக்கழக அணியை 82-76 என்று வென்று கல்லூரி ஆண்கள் பாஸ்கெட்பாலில் தேசிய சாம்பியன் ஆனபோது ஊரே ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

2015-ல் குட்டு வெளிப்பட்டது. அந்த பாஸ்கெட்பால் அணியின் ஊழியர் ஒருவர், வீரர்கள் தங்கும் விடுதிக்கே பெண்களைப் பணம் கொடுத்து வரவழைத்திருக்கிறார். அணியில் சேர்க்க நினைத்த பள்ளிப் பையன்களுக்காகவும்தான்! 2016 பிப்ரவரியில், அந்த வருடப் போட்டிகளின் இறுதிக் கட்டத்திலிருந்து பல்கலைக்கழகமே அணியை விலக்கிக்கொண்டது. கல்லூரி வாழ்க்கையின் கடைசி ஒரு வருடத்தை ஆட வேறு கல்லூரிகளிலிருந்து வந்திருந்த இரண்டு வீரர்கள் அந்த அணியில் இருந்தார்கள். நடந்த தப்புக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மார்ச் மாதம் நடக்கும் தேசிய சாம்பியன் போட்டியில் ஆடும் வாய்ப்பு அவர்களுக்கு அதோடு போயிற்று. இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம் இது.

இவ்வளவுக்குப் பிறகும் ஜூரிச் பிட்டினோவை நீக்கவில்லை. அவருடைய பெரிய தவறு அதுதான் என்பேன். 2017 ஆகஸ்டில் அடிடாஸோடு 10 வருடத்துக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் அறிவித்தார்கள். அடுத்த மாதமே அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ-யின் விசாரணை வெடித்தது: ஒரு வீரரை லூயிவில்லில் சேர்க்க, அவர் குடும்பத்துக்கு 1 லட்சம் டாலர் தர அடிடாஸ் ஆட்கள் ஏற்பாடு செய்ததாகக் குற்றச்சாட்டு. ஜூரிச் மேல் வழக்கு எதுவும் வரவில்லை. ஆனாலும் அக்டோபர் 18 அன்று பல்கலைக்கழக நிர்வாகக் குழு 10-3 என்று வாக்களித்து அவரை நீக்கியது. மறு வருடம் 45 லட்சம் டாலர் கொடுத்து பல்கலைக்கழகம் அவரோடு சமரசம் செய்துகொண்டது.

2018 பிப்ரவரியில், விடுதி விவகாரத்துக்காக 123 வெற்றிகளையும் அந்த 2013 பட்டத்தையும் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு ரத்து செய்தது. ஆண்கள் பாஸ்கெட்பாலில் சாம்பியன் பட்டம் பறிபோனது அதுவே முதல் முறை. அரங்கத்தில் தொங்கிய பேனரையும் இறக்கிவிட்டார்கள்.