ஆடுதின்னாப்பாளையை ஆட்டுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: 24 வெள்ளாடுகள் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு எல்லாம் மெலிகின்றன. மூன்று ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்குகிறது. கடையில் வாங்கிய குடற்புழு மருந்தை இரண்டு முறை ஊற்றியும் பலனில்லை. ஆடுதின்னாப்பாளைச் சாறு கொடுத்தால் புழு ஒழியும் என்கிறார்கள். ஓர் ஆட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம் ஐயா?
– ஒரு வாசகர், கரூர் மாவட்டம்

பதில்: ஒரு சொட்டுகூட வேண்டாம். ஆடு வாய் வைக்காது என்று பெயரிலேயே இருக்கிறதே! பாட்டி வைத்தியத்தில் அது பூச்சி மருந்துதான். ஆனால் அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவைக்கும். 1990களில் பெல்ஜியத்தில் இதே குடும்பத்துச் செடி கலந்த உடல் எடை குறைக்கும் மருந்தைச் சாப்பிட்டவர்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது.

தாடை தொங்கும் மூன்றையும் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றவற்றின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் இரைப்பையில் ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுவாக இருக்கலாம். ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மில்லி குடிக்கும். ஆயிரம் புழு என்றால் 50 மில்லி. தட்டைப்புழுவாலும் தாடை வீங்கும், அதற்கு மருந்தே வேறு. அதனால் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது, புழுக்கையில் எந்தப் புழுவின் முட்டை, எத்தனை என்பதைத்தான்.

கடைக்காரர் ஆட்டைப் பார்க்காமலே "பத்து மில்லி ஊத்துங்க" என்பார். 15 கிலோ குட்டிக்கும் 40 கிலோ கிடாய்க்கும் ஒரே அளவு. மருந்து பற்றாமல் தப்பிய புழுதான் பெருகும். கேட்கவில்லை என்று போனால் வேறு பெயரில் ஒரு பாட்டில் தருவார். பல நேரம் உள்ளே இருப்பது அல்பெண்டசோல் போன்ற அதே புழு மருந்துதான். சேர்மானம் அச்சிடாத 'மூலிகைப் பொடி' பொட்டலத்தைத் தொடவே தொடாதீர்கள்.

மூலிகைக்கு நான் எதிரி இல்லை. சோதிக்காத மூலிகைக்குத்தான் எதிரி. கண்ணாடித் தட்டில் புழுவைப் போட்டுச் சாறு ஊற்றினால் எத்தனையோ இலை அதைக் கொல்லும். ஆட்டு வயிற்றில் லிட்டர் கணக்கில் கிடக்கும் தீனியோடு அந்தச் சாறு கரைந்துபோகும். தும்பை, வேப்பிலை, பாகல் அரைத்து வெல்லத்தில் உருட்டித் தருவதுண்டே, அதை முயன்று பாருங்கள். சினை ஆட்டையும் இமை வெளுத்ததையும் விட்டுவிட்டு, திடமான பன்னிரண்டில் ஆறுக்கு மட்டும் கொடுங்கள். ஆறைச் சும்மா விடுங்கள். பன்னிரண்டுக்கும் முதல் நாளும் பதினான்காம் நாளும் முட்டை எண்ண வேண்டும். அந்தச் சும்மா விட்ட ஆறு ஏன் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மழை ஓய்ந்து வெயில் ஏறினால் முட்டை தானாகவே குறையலாம். பெயர் மட்டும் உருண்டைக்குப் போகும். இடையில் எதற்காவது இமை வெளுத்தால், சோதனையை விட்டுவிட்டு வைத்தியம் பாருங்கள்.

புழுக்கையைத் தரையில் பொறுக்காதீர்கள், ஆசனவாயிலிருந்தே எடுங்கள். பத்துப் புழுக்கை போதும். பாலித்தீன் பையில் காற்றை நெருக்கிக் கட்டி, காது எண் எழுதி, ஐஸ் போட்ட தூக்குவாளியில் வைத்து அன்றே கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள். வெயிலில் வைத்தால் முட்டை பொரிந்து புழுக்குஞ்சு வெளியே வந்துவிடும், எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.