மாநிலத்தில் மருத்துவக் கல்லூரி இல்லை, எங்கே விண்ணப்பிப்பது?

கேள்வி: எங்கள் வீடு அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில். மகள் இளநிலை இரண்டாம் ஆண்டு. டாக்டராக வேண்டும் என்கிறாள். இங்கே ஒரு மருத்துவக் கல்லூரிகூட இல்லை. பேசாமல் பென்சில்வேனியாவுக்குக் குடிபோய்விடலாமா?

பதில்: வேண்டாம். போனால் கையில் இருக்கும் சலுகையையும் இழப்பீர்கள். சொந்தக் கல்லூரி இல்லாத டெலவேர், 'டைமர்' என்ற அமைப்பின் வழியாக 1969 முதலே வெளியில் இடம் பிடித்துவைத்திருக்கிறது. பிலடெல்பியாவில் தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகத்தின் சிட்னி கிம்மல் மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 20 இடங்கள். அதே ஊரிலுள்ள 'பிகாம்' (PCOM) ஆஸ்டியோபதிக் கல்லூரியில் 10; ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் எம்.டி.க்குப் பதில் டி.ஓ. என்ற மருத்துவப் பட்டம் தருபவை. இவற்றுக்கு டெலவேர்க்காரர்களுக்குள்தான் போட்டி. மாநிலம் சிறியது, வருகிறவர்களும் குறைவு.

ஜெபர்சனுக்கு 'ஆம்காஸ்' (எம்.டி. கல்லூரிகளின் பொது விண்ணப்பத் தளம்) வழியாகவும் பிகாமுக்கு 'ஆகோமாஸ்' (டி.ஓ. கல்லூரிகளின் தளம்) வழியாகவும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் சட்டப்படியான இருப்பிடம் என்ற இடத்தில் டெலவேர் என்றே இருக்கட்டும். மகள் வெளிமாநிலத்தில் படிக்கிறாள் என்றால் இதில்தான் சிக்கல் வரும். படிக்கும் ஊரில் ஓட்டுநர் உரிமம் வாங்கி, அங்கேயே வாக்காளராகவும் பதிந்துவிடுவார்கள். பிறகு 'நான் டெலவேர்' என்றால் கல்லூரி ஆதாரம் கேட்கும். உரிமம், வாக்காளர் பதிவு, உங்கள் வரிக் கணக்கில் அவள் பெயர் என்று எல்லாமே ஒரே மாநிலத்தைக் காட்ட வேண்டும். வெறுமனே படிக்கப் போனதால் யாரும் அந்த மாநிலத்தவராகிவிட மாட்டார்கள். பெற்றோரைச் சார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பெற்றோரின் மாநிலமே கணக்கு.

கேள்வி: வயோமிங்கில் இருக்கிறோம். 'வாமி' என்று சொல்கிறார்களே, அது தனிக் கல்லூரியா?

பதில்: தனிக் கல்லூரி அல்ல. வாஷிங்டன், வயோமிங், அலாஸ்கா, மொன்டானா, ஐடஹோ ஆகிய ஐந்து மாநிலங்களின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது. சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிதான் ஐந்துக்கும் பொது. 1970களின் தொடக்கத்தில் நான்கு மாநிலங்களோடு ஆரம்பித்தது; வயோமிங் 1990களில் வந்து சேர்ந்தது. வயோமிங்குக்கு ஆண்டுக்கு 20 இடங்கள். சியாட்டில் பையனோடு உங்கள் பையனை நிறுத்திப் பார்க்க மாட்டார்கள். அந்த 20-க்கு வயோமிங்காரர்கள் மட்டும்தான். முதல் ஒன்றரை ஆண்டு வயோமிங்கின் லாரமி நகரிலேயே வகுப்பு. மருத்துவமனைப் பயிற்சி ஐந்து மாநிலங்களில் எங்கு வேண்டுமானாலும் அமையலாம்.

ஆம்காஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்துவிடாது. வயோமிங்வாசிதான் என்று மாநிலத்தின் தரப்பில் சான்றளிக்க வேண்டும். அதற்குப் படிவம் தனி, கடைசித் தேதியும் தனி. மதிப்பெண் நன்றாக இருந்தும் இந்தப் படிவத்தை மறந்தால் அந்த ஆண்டு போனதுதான். எத்தனை மாதம் குடியிருந்திருக்க வேண்டும் என்பது ஐந்து மாநிலத்துக்கும் ஒன்றல்ல. உங்கள் மாநில அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று, இது இனாம் அல்ல. வயோமிங்கில் சேரும்போதே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். பட்டத்துக்குப் பிந்தைய உயர்பயிற்சி (ரெசிடென்சி) முடித்தபின் வயோமிங் திரும்பி 3 ஆண்டு வேலை பார்க்க வேண்டும். இல்லையேல் மாநிலம் செலவிட்ட பணத்தைக் கட்ட வேண்டும். நியூயார்க்கில் இதய அறுவை நிபுணராவதுதான் கனவு என்றால் கையெழுத்திடும் முன்பு வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். விண்ணப்பக் கட்டுரைகளிலும் கிராமப்புற மருத்துவத்தில் உண்மையான நாட்டம் தெரிய வேண்டும். கவுண்டி மருத்துவமனையில் செய்த தொண்டு, ஆராய்ச்சிக்கூடத்தில் கழித்த ஒரு கோடையைவிட இங்கே எடை கூடுதல்.

கேள்வி: ஒதுக்கீட்டு இடத்தைத் தவிர வேறு எங்கே போடலாம்? நாற்பது கல்லூரிக்குப் போட்டால் ஒன்றாவது கிடைக்காதா?

பதில்: நாற்பதில் பாதி வீண் செலவுதான். மிசிசிப்பி பல்கலைக்கழகம் மிசிசிப்பிவாசிகளை மட்டுமே எடுக்கும். வடகரோலினாவின் பிராடி மருத்துவக் கல்லூரியும் அப்படியே, அந்த மாநிலத்தவருக்கு மட்டும். டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் ஏறக்குறைய 90 சதவீத இடம் டெக்சஸ்காரர்களுக்கு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் வெளியிடும் 'எம்சார்' தரவுத்தளத்தில், ஒவ்வொரு கல்லூரியிலும் வெளிமாநிலத்தவர் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு நேர்முகம், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற மூன்று எண்களும் இருக்கும். சேர்ந்த எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். நேர்முகத்தை விண்ணப்பத்தால் வகுத்துப் பாருங்கள். வெர்மான்ட் போன்ற அரசுக் கல்லூரி வெளிமாநிலத்தவரை நிறையச் சேர்க்கிறது. ஜார்ஜ்டவுன், ஜார்ஜ் வாஷிங்டன், டிரெக்செல் எல்லாம் எல்லோருக்கும் திறந்த வாசல்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேல் விண்ணப்பங்கள் குவியும். பட்டியல் முழுக்க அவற்றையே நிரப்பாதீர்கள்.

செலவையும் பாருங்கள். ஆம்காஸில் முதல் கல்லூரிக்கு 175 டாலர், அடுத்தடுத்தவற்றுக்குத் தலா 50-ஐ ஒட்டி. பிறகு ஒவ்வொரு கல்லூரியும் இரண்டாம் கட்ட விண்ணப்பத்துக்கு நூறு டாலர் அளவில் கேட்கும். இருபது கல்லூரி என்றால் 3,000 டாலர் வந்துவிடும். வருமானம் குறைந்த குடும்பம் கட்டணச் சலுகைத் திட்டத்தில் 20 கல்லூரி வரை ஆம்காஸ் கட்டணமின்றிப் போடலாம். ஆனால் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன்பே சலுகை கிடைத்திருக்க வேண்டும். கட்டிய பணம் திரும்பாது.

மே இறுதியிலிருந்து ஜூன் முதல் வாரத்துக்குள் சமர்ப்பித்துவிடுங்கள். விண்ணப்பங்கள் குவிந்தபின் ஆம்காஸின் சரிபார்ப்புக்கே ஆறு வாரம் ஆகலாம். தாமதத்துக்கு வழக்கமான காரணம் மதிப்பெண் சான்றிதழ். உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது உள்ளூர்க் கல்லூரியில் ஒரே ஒரு பாடம் எடுத்திருந்தாலும் அங்கிருந்தும் சான்றிதழ் வர வேண்டும். இதைப் பலர் மறக்கிறார்கள். எம்கேட் (மருத்துவ நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணும் பரிந்துரைக் கடிதங்களும் பின்னால் வரலாம். அவற்றுக்காகச் சரிபார்ப்பு நிற்காது.

கேள்வி: மொன்டானாவில் 2023-இல் மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டனவே? இனி வாமி எதற்கு?

பதில்: கிரேட் ஃபால்ஸில் வந்த டூரோவும் பில்லிங்ஸில் வந்த ராக்கி விஸ்டாவும் தனியார் ஆஸ்டியோபதிக் கல்லூரிகள், பட்டம் டி.ஓ. அரசுக் கட்டணம் அங்கே கிடையாது. வாமி, இவை இரண்டு என மூன்றுக்கும் போடுங்கள்.

கேள்வி: நாங்கள் எச்-1பி விசாவில். மகன் எச்-4. எட்டு வருடமாக ஐடஹோவில்தான் இருக்கிறோம். மாநிலவாசி என்ற உரிமை உண்டா?

பதில்: வரி கட்டியும் எட்டு வருடம் இருந்தும், வாமிக்குப் பலன் இல்லை. அங்கே குடியுரிமை அல்லது நிரந்தரவாச அட்டை கேட்பார்கள். பெரும்பாலான அரசுக் கல்லூரிகளிலும் இதே நிலை. மகனை வெளிநாட்டு மாணவராகவே கணக்கில் கொள்வார்கள். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும் ஏற்பாட்டையும் முன்கூட்டியே பாருங்கள். வெளிநாட்டு மாணவரை ஏற்கும் தனியார் கல்லூரிகளை எம்சாரில் வடிகட்டி எடுக்கலாம். அவற்றில் சில, ஓராண்டு முதல் நான்காண்டுக் கட்டணம் வரை முன்பணமாகத் தனிக் கணக்கில் போடச் சொல்லும். பட்டியலில் சேர்க்கும் முன் இதைக் கேளுங்கள்.

கேள்வி: வெளிமாநிலத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தால் கடன் முழுவதும் அரசிடமே வாங்கலாமா?

பதில்: முன்பு முடிந்தது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் 'கிராட் பிளஸ்' (செலவு முழுவதற்கும் கிடைத்துவந்த அரசுக் கடன்) கிடையாது. மருத்துவ மாணவருக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர். பல தனியார் கல்லூரிகளில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 90,000-ஐத் தாண்டும். மீதிக்குத் தனியார் வங்கியிடம் போனால் பெரும்பாலும் பெற்றோரும் கூடக் கையெழுத்திட வேண்டியிருக்கும். ஒன்றுக்கு மேல் இடம் வந்தால் ஏப்ரல் 30-க்குள் ஒன்றாகக் குறைக்கச் சொல்வார்கள். அதற்குள் ஒவ்வொரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திடமும் நான்காண்டு மொத்தச் செலவை எழுத்தில் வாங்கி ஒப்பிடுங்கள்.