வீட்டுக் கிளி கடிக்கத் தொடங்கினால்

கேள்வி: எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். மூன்று வருஷத்துக்கு முன்பு, மாசி மாதம், தோப்பில் பட்டுப்போன தென்னை ஒன்றை வெட்டியபோது அதன் பொந்தில் இரண்டு கிளிக்குஞ்சுகள் இருந்தன. ஒன்று அன்றே இறந்துவிட்டது. மற்றதைப் பால்சோறு ஊட்டி வளர்த்தோம். மீனு என்று பெயர். பத்து வயது மகளுக்கு அதுதான் உயிர். ‘அம்மா’, ‘பால்காரர் வந்தாச்சு’ என்று தெளிவாகப் பேசும். ஆறு மாதமாக என் கணவர் என் பக்கத்தில் வந்தாலே பாய்ந்து கடிக்கிறது. நெஞ்சிலுள்ள இறகுகளைத் தானே பிடுங்கிக்கொள்கிறது. கழுத்தைச் சுற்றிக் கறுப்பும் சிவப்புமாக ஒரு கோடு வந்திருக்கிறது. ஏதாவது நோயா? கிளி வளர்ப்பது குற்றம், கூண்டைத் திறந்து விடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். விட்டால் பிழைக்குமா? இன்னொன்று: தோப்பில் இடி விழுந்த மொட்டைத் தென்னை ஒன்று நிற்கிறது. அதை வெட்டவும் ஆள் சொல்லியிருக்கிறோம். அதிலும் குஞ்சுகள் இருந்தால் என்ன செய்வது?
— ஒரு வாசகி

பதில்: சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து கூண்டைத் திறந்து விடாதீர்கள். பெரியவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். குற்றம் என்று அவர் சொன்னதும் சரி. ஆனால் மூன்று வருடம் கைச்சோற்றில் வளர்ந்த கிளியைத் தெருவில் விடுவது அதைக் காக்கைக்கும் பூனைக்கும் கொடுப்பதுதான். கால்நடை மருத்துவனாக அப்படி விடப்பட்ட கிளிகளை இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கையில் வாங்கியிருக்கிறேன். பலவற்றைப் பிழைக்கவைக்க முடியவில்லை.

கழுத்துக் கோடு நோயல்ல. உங்கள் மீனு ஆண். நம் ஊர்ப் பச்சைக்கிளியில் ஆணும் பெண்ணும் இளமையில் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஏறக்குறைய மூன்று வயதில்தான் ஆணுக்குக் கறுப்பும் ரோஜா நிறமும் கலந்த அந்த ஆரம் விழும். செந்தார்ப் பைங்கிளி என்ற பெயரே அதனால்தான். தார் என்றால் மாலை. மாலை விழுந்துவிட்டது என்றால் துணை தேடும் வயது வந்துவிட்டது என்று பொருள். கடியும் அதே சமயத்தில் தொடங்கியது தற்செயல் அல்ல.

ஊட்டி வளர்த்தவர் நீங்கள். கண் திறந்த நாள் முதல் உங்கள் கையைத்தான் அது பார்த்தது. இன்னொரு கிளியை அது பார்த்ததே இல்லை. அதன் கணக்கில் நீங்கள்தான் அதன் கூட்டம், இப்போது அதன் துணையும் நீங்களே. உங்களருகே வரும் கணவர் போட்டிக்கு வந்தவர். அதனால்தான் அவரைப் பாய்ந்து கொத்துகிறது. அது குணம் கெட்டுப்போகவில்லை, காட்டில் செய்ய வேண்டியதை உங்கள் வீட்டுக் கூடத்தில் செய்கிறது.

இதற்கு உடனே செய்யக்கூடியவை உண்டு. முதுகையும் இறக்கைக்கு அடியிலும் தடவாதீர்கள். நமக்கு அது கொஞ்சல், கிளிக்கு அது இணைசேர அழைப்பு. தலையை மட்டும் கோதிவிடலாம். கூண்டில் கண்ணாடி தொங்கினால் எடுத்துவிடுங்கள். மாலை ஆறரை, ஏழு மணிக்கே இருட்டான, சத்தமில்லாத இடத்துக்குக் கூண்டை மாற்றி, விடியும்வரை தூங்க விடுங்கள். இரவு பதினொரு மணிவரை தொலைக்காட்சி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் கிளிக்கு இனப்பெருக்க வேகம் அடங்காது. கடித்தால் கத்தாதீர்கள், கூண்டை உலுக்காதீர்கள். கத்துவது அதற்கு ஒரு பதில்போல ஆகிவிடும். பேசாமல் இறக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இறகு பிடுங்குவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. உங்கள் கிளியின் தலையைப் பாருங்கள். தலையில் இறகு முழுதாக இருந்து, அலகு எட்டும் நெஞ்சிலும் தொடையிலும் மட்டும் வெறுமையாக இருந்தால், அது தானே பிடுங்குகிறது என்பது உறுதி. தலையிலும் உதிர்ந்தால் வேறு நோயைத் தேட வேண்டும். தானே பிடுங்குவதற்குச் சத்துக் குறைவு, தனிமை, செய்ய ஒன்றுமில்லாத சலிப்பு, துணை இல்லாத பருவ வேகம் என்று பல காரணங்கள் சேர்ந்துகொள்ளும். காட்டில் ஒரு கிளி பகலில் பெரும்பகுதியை இரை தேடுவதிலும் பறப்பதிலும் கூட்டத்தோடு கத்திப் பேசுவதிலும் கழிக்கும். கிண்ணத்துச் சோறு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. மீதி நாள் முழுக்க அந்த அலகுக்கு வேலை இல்லை.

பேச்சைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். ‘பால்காரர் வந்தாச்சு’ என்று அது சொல்லும்போது உங்கள் வீடே சிரித்திருக்கும். கிளிகள் கூட்டத்தின் குரலைக் கேட்டுக் கற்பவை. கூட்டத்தில் ஒன்று குரல் கொடுத்தால் மற்றது அதே குரலில் பதில் தரும், ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்பதற்காக. மீனு கேட்ட ஒரே கூட்டம் உங்கள் குடும்பம். அதனால் உங்கள் குரலில் கூப்பிடுகிறது. உங்கள் மகள் பள்ளிக்குப் போனபின் வெறும் வீட்டில் அது ‘அம்மா அம்மா’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், அது கூட்டத்தைத் தேடிக் கூப்பிடுகிறது. இதைச் சொல்ல எனக்கே மனம் கனக்கிறது. ஆனால் முடிவு எடுக்கப்போகும் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நன்றாகப் பராமரித்த கிளி கூண்டில் இருபது, இருபத்தைந்து வருடம் வாழும். உங்கள் மகளுக்கு முப்பது வயதாகும்போதும் அது இப்படியே கூப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

இனி உணவு. பால்சோற்றை நிறுத்துங்கள். பறவைகளுக்குப் பால் செரிக்காது. அரிசிச் சோறும் சூரியகாந்தி விதையுமே தின்னும் கிளிகளுக்கு ‘ஏ’ வைட்டமின் குறைந்து, வாய்க்குள் வெள்ளைத் திட்டும் மூக்கில் சளியும் வரும். முருங்கைக்கீரை, மஞ்சள் பூசணி, கேரட், முளைகட்டிய பாசிப்பயறு, கம்பு, தினை, கொய்யா என்று கொடுங்கள். வேலியில் கோவைக்கொடி இருந்தால் அதைவிட நல்ல விருந்து இல்லை. பச்சை மிளகாயும் தரலாம். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. ஒரே நாளில் மாற்றினால் பட்டினி கிடக்கும், இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பழத்தை நறுக்கிக் கிண்ணத்தில் போடாமல் முழுக் கொய்யாவாகக் கம்பியில் குத்தி வையுங்கள். சோளக்கதிரைத் தோலோடு கட்டித் தொங்கவிடுங்கள். வேப்பங்குச்சியைக் கொடுத்தால் கடித்துத் துப்பிக்கொண்டே இருக்கும், நெஞ்சு இறகு கொஞ்சம் தப்பும். வெண்ணெய்ப்பழமும் (அவகாடோ) சாக்லேட்டும் கிளிக்கு விஷம்.

பலருக்குத் தெரியாத ஒரு ஆபத்து சமையலறையில் இருக்கிறது. நான்ஸ்டிக் தவா அடுப்பில் வெறுமனே காய்ந்து அளவுக்கு மீறிச் சூடானால் அதிலிருந்து வரும் ஆவி பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். பறவையின் நுரையீரல் அவ்வளவு மென்மையானது. கொசுவத்திச் சுருள், சாம்பிராணிப் புகை, துருப்பிடித்த முலாம் கம்பி இவற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கிளிக் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. சரியான மருந்தில் குணமாகும், ஆனால் சொன்னால்தான் அவருக்குத் தோன்றும்.

சட்டத்துக்கு வருகிறேன். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதையும் விற்பதையும் வைத்திருப்பதையும் தடை செய்கிறது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. தண்டனை மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். காப்பாற்றும் எண்ணத்தில் எடுத்தாலும், காட்டுயிர் ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். கடையில் விற்கும் பட்ஜெரிகர், காக்டெயில் போன்றவை ஆஸ்திரேலியப் பறவைகள். அவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

இதைப் படித்துப் பதற வேண்டாம். தாமே முன்வந்து ஒப்படைத்தவர்களோடு நான் வனச்சரக அலுவலகத்துக்குப் போயிருக்கிறேன். விவரம் எழுதி வாங்கிக்கொண்டு, நல்லபடியாகவே அனுப்பிவைத்தார்கள். குஞ்சு எப்போது, எங்கே, எப்படிக் கிடைத்தது என்று உண்மையை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். போகும் முன் தொலைபேசியில் பேசி, பறவையை எங்கே வைப்பார்கள் என்று கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அங்கே என்ன நடக்க வேண்டும்? கை வளர்ப்புக் கிளியை முதலில் சில வாரம் தனியே வைத்து நோய் பார்க்க வேண்டும். பிறகு நீளமான பறவைக்கூடத்தில் மற்றப் பச்சைக்கிளிகளோடு சேர்க்க வேண்டும். பறந்து பழகினால்தான் நெஞ்சுத் தசை வலுக்கும். யாராவது இறக்கையை வெட்டியிருந்தாலும் அடுத்த இறகு உதிர்ப்பில் புதிது முளைத்துவிடும், அதற்குக் காத்திருக்க வேண்டும். மனிதக் குரலுக்குத் தோளில் வந்து உட்காரும் பழக்கம் குறைந்து, கூட்டத்தோடு சேர்ந்து பருந்துக்கு அஞ்சக் கற்றபின்தான் வெளியே விட முடியும். எல்லாக் கிளிகளும் அந்த நிலைக்கு வராது. உங்கள் மீனு வராமலும் போகலாம். வராவிட்டாலும் தன் இனத்தோடு ஒரு பெரிய கூடத்தில் இருப்பது, வராந்தாக் கூண்டில் தனியே இறகு பிடுங்குவதைவிட எவ்வளவோ மேல். போவதற்கு முன் பறவை பார்க்கத் தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உங்கள் பகுதியில் இல்லையென்றால் நாமக்கல் அல்லது சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

மகளிடம் ‘பறந்து போயிடுச்சு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பத்து வயதுக் குழந்தை பிறகு எப்போதாவது உண்மையைக் கண்டுபிடிக்கும். ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். அழட்டும். நம் மொழியில் கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என்று பெற்ற பிள்ளையைப்போலச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் சும்மா வந்ததல்ல. அவள் அழுகையை அசட்டு அழுகை என்று யாரும் சொல்ல விடாதீர்கள். மீனுவுக்குப் பிடித்த தீனி, பயப்படும் சத்தம், தூங்கும் நேரம், சொல்லும் சொற்கள் எல்லாவற்றையும் அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிப்பவருக்கு அந்தத் தாள் நிஜமாகவே உதவும். விருப்பமிருந்தால் அவளையும் கூட்டிப்போங்கள். விடிகாலையில், வெயில் ஏறுமுன், மெல்லிய பருத்தித் துணியால் கூண்டை மூடி, உள்ளே ஒரு கொய்யாத் துண்டோடு கிளம்புங்கள். தண்ணீர்க் கிண்ணம் வழியில் சிந்தி நனைக்கும், அது வேண்டாம்.

மறுநாளே கடைக்குப் போய் வேறு பறவை வாங்கித் தராதீர்கள். ஒரு வருடமாவது போகட்டும்.

கடைசியாக அந்த மொட்டைத் தென்னை. வெட்ட வரும் ஆளைத் தயவுசெய்து நிறுத்திவையுங்கள். கிளி மரத்தில் தானே புதிதாகப் பொந்து குடைவது அரிது. பெரும்பாலும் மரங்கொத்தியும் குக்குறுவானும் விட்டுப்போனதையோ, தானாக உளுத்த ஓட்டையையோதான் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளும். பட்ட மரங்களை நாம் உடனுக்குடன் அகற்றுவதால் அவற்றுக்குக் கூடு கிடைப்பதே அரிதாகிவிட்டது. வீட்டின் மேலோ நடைபாதையிலோ விழும் தூரத்தில் அந்த மரம் இல்லையென்றால் அப்படியே நிற்கட்டும். கட்டாயம் வெட்ட வேண்டியிருந்தால் ஆடி, ஆவணிக்குப் பிறகு, கிளி போய்வராத நாளாகப் பார்த்து வெட்டுங்கள். மார்கழி முதல் சித்திரை வரை தொடவே வேண்டாம்.

எப்போதாவது குஞ்சு விழுந்து கிடந்தால் எடுத்து அதே பொந்தில் வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. பொந்து எட்டாவிட்டால், ஓட்டை போட்ட மரப்பெட்டி ஒன்றை அதே மரத்தில் நிழலாகக் கட்டி, அதில் வைத்துவிட்டுத் தூர நின்று இரண்டு மூன்று மணி நேரம் பாருங்கள். தாய் வரவில்லையென்றால் அட்டைப்பெட்டியில் துணி விரித்துக் கதகதப்பாக மூடி, அன்றைக்கே வனத்துறையிடம் சேர்த்துவிடுங்கள். அதுவரை வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலில் போய்விடும். உங்கள் மீனுவோடு பிறந்தது அன்றே இறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பால்சோறு அதன் மூச்சுக்குழலில் இறங்கியிருக்கலாம், மரம் விழுந்த அடியாகவும் இருக்கலாம். உங்கள்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. தை பிறந்ததும் மகளோடு காலையில் அந்தத் தென்னைக்கு எதிரே, இருபதடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள். ஆரம் போட்ட ஒன்றும் ஆரமில்லாத ஒன்றும் மாறி மாறி ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தால், சித்திரைவரை அந்தப் பக்கம் ஆடு மேய்க்கக்கூட யாரையும் விடாதீர்கள்.