வாசகர் கேள்விகள்: பவர் சப்ளையில் அலைவடிவம்

கேள்வி: 0.1 ஆம்பியர் எடுக்கும் ஒரு கட்டுப்பாட்டுச் சுற்றைச் சோதிக்க, 12 வோல்ட்டிலிருந்து சட்டென 6 வோல்ட்டுக்கு இறங்கி, 40 மில்லிசெகண்ட் நின்று, மீண்டும் 12 வோல்ட்டுக்கு ஏறும் அலைவடிவம் தேவை. புரோகிராமபிள் பவர் சப்ளைக்கு (கட்டளைப்படி மின்னழுத்தத்தை மாற்றித் தரும் கருவி) கணினியிலிருந்து ஒவ்வொரு மதிப்பையும் கட்டளையாக அனுப்புகிறேன். மின்னழுத்த மாற்றத்தை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால், மின்னழுத்தம் சாய்வாக இறங்கி, ஏறத்தாழ 8 வோல்ட்டிலேயே திரும்பிவிடுகிறது. கால அளவும் முறைக்கு முறை மாறுகிறது. கருவி பழுதா?

பதில்: கருவியில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை, நீங்கள் குறிப்பிடுபவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

கால அளவு மாறுவதற்குக் காரணம் கணினிதான். இயங்குதளம் வேறு வேலைகளுக்கு நடுவே உங்கள் நிரலைக் கவனிக்கிறது. கட்டளையைப் படித்துப் புரிந்துகொள்ளக் கருவிக்கும் சில மில்லிசெகண்ட் பிடிக்கிறது. உங்கள் கருவியில் 'லிஸ்ட்' வசதி இருந்தால், மின்னழுத்த மதிப்புகளையும் ஒவ்வொன்றும் நிற்கவேண்டிய நேரத்தையும் முன்கூட்டியே அதன் நினைவகத்தில் ஏற்றிவிட்டு, தொடங்குவதற்கு மட்டும் ஒரு கட்டளை அனுப்புங்கள். அதன்பின் நேரத்தைக் கருவியின் கடிகாரமே பார்த்துக்கொள்ளும்.

இறங்கும் சாய்வு இதனால் மாறாது. சாதாரணப் பவர் சப்ளை மின்னோட்டத்தை வெளியே தள்ளுமே தவிர, உள்ளே இழுத்துக்கொள்ளாது. ஆகவே மின்னழுத்தத்தைக் குறைக்கச் சொன்னதும் அது ஒதுங்கி நிற்க, வெளியீட்டு மின்தேக்கியில் சேர்ந்த மின்னூட்டத்தை உங்கள் சுற்றுதான் மெல்ல வடிக்கிறது. 40 மில்லிசெகண்டில் 4 வோல்ட் இறங்குகிறது என்றால் வினாடிக்கு 100 வோல்ட், 0.1 ஆம்பியரை அதனால் வகுத்தால், உங்கள் சுற்றின் மின்தேக்கியையும் சேர்த்து ஏறத்தாழ 1,000 மைக்ரோஃபாரட் இருப்பது தெரிகிறது. வெளியீட்டுக்குக் குறுக்கே 12 ஓம் மின்தடை ஒன்றை இணைத்தால் 6 வோல்ட்டை எட்ட 10 மில்லிசெகண்டுக்கும் குறைவாகவே ஆகும். 12 வோல்ட்டில் அது 12 வாட்டை வெப்பமாக்கும் என்பதால் 25 வாட் மின்தடையே பாதுகாப்பானது. அழகான தீர்வு அல்ல என்றாலும் வேலை செய்யும். மின்னோட்டத்தை உள்வாங்கவும் வல்ல, இருகால்வட்ட வகைக் கருவி கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஏறும்போது மின்னோட்ட வரம்பைக் கவனியுங்கள். சுற்றின் உள்ளீட்டில் 470 மைக்ரோஃபாரட் இருந்தால், 6 வோல்ட் ஏற்றத்தை 1 மில்லிசெகண்டில் முடிக்க அதற்கு மட்டுமே 2.8 ஆம்பியர் வேண்டும். வரம்பை 1 ஆம்பியரில் வைத்திருந்தால் கருவி, மின்னோட்டத்தை அந்த வரம்பிலேயே நிறுத்தும் மாறா மின்னோட்ட நிலைக்குப் போய், செங்குத்தாக எழவேண்டிய விளிம்பு சரிவாகிவிடும். மின்தடையை இணைத்தபின் அது எடுக்கும் 1 ஆம்பியரும் இந்தக் கணக்கில் சேரும்.

கேள்வி: இதே கருவியால் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை தர முடியுமா?

பதில்: முடியாது. மின்னழுத்தம் ஏற அது எடுக்கும் நேரம் 10 மில்லிசெகண்ட் என்றால், 0.35ஐ அதனால் வகுக்கக் கிடைக்கும் 35 ஹெர்ட்ஸ்தான் அதன் அலைவரிசை எல்லை. அதற்குள்ளும் லிஸ்ட்டில் ஏற்றும் படிகளின் எண்ணிக்கை குறுக்கே வரும்: ஒரு படிக்குக் குறைந்தது 1 மில்லிசெகண்ட் எனில், 50 படிகளாலான ஓர் அலைச்சுற்று 20 ஹெர்ட்ஸைத் தாண்டாது. நேர் மின்னழுத்தம் மட்டுமே தரும் ஒருதிசைக் கருவி சுழியத்துக்குக் கீழேயும் போகாது. உங்களுக்குத் தேவை அலைவடிவத்தை உருவாக்கும் ஃபங்ஷன் ஜெனரேட்டரும் அதன் திறனைப் பெருக்கும் ஒரு பவர் ஆம்ப்ளிஃபயரும்.