தாத்தாவுக்கு வந்தது பேரனுக்கு வருமா?

கேள்வி: என் மகளுக்கு நல்ல வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் தாத்தாவுக்குத் தொழுநோய் இருந்ததாம். மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி, அப்புறம் பல வருடம் நன்றாக இருந்துதான் இறந்தாராம். அவர்களே இதைச் சொன்னார்கள். "அது மரபணுவிலேயே இருக்கும், வேண்டாம்" என்று என் அண்ணன் தடுக்கிறார். என்ன செய்வது டாக்டர்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இந்தக் காரணத்துக்காக அந்த வரனை விட்டுவிடாதீர்கள் அம்மா. கேட்காமலே உண்மையைச் சொன்ன குடும்பம். எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான் கூடுகிறது.

தொழுநோய் பாக்டீரியாவால் வருவது. மரபணு வழியாக அந்தக் கிருமி யாருக்கும் போகாது. 1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற மருத்துவர் அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கும் வரை, அவருடைய மாமனார் டேனியல்சன் உட்படப் பெரிய மருத்துவர்களே இதைப் பரம்பரை நோய் என்று நம்பினார்கள். ஒரே குடும்பத்தில் நாலு பேருக்கு வந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் அண்ணன் சொல்வதில் ஒரு பங்கு உண்மையும் இருக்கிறது. தொழுநோய்ப் பிரிவில் வேலை பார்த்தபோது, நோய் முற்றிய கணவரோடு காலமெல்லாம் ஒரே வீட்டில் வாழ்ந்தும் உடம்பில் ஒரு தேமல்கூட இல்லாத மனைவியரைப் பார்த்திருக்கிறேன். நூற்றில் 95 பேருக்கு உடம்பே இந்தக் கிருமியை அடக்கிவிடும். மீதிப் பேரிடம் ஏன் முடியவில்லை என்பதில்தான் மரபணு வருகிறது. நம் நாட்டு இரட்டையரை வைத்து சக்ரவர்த்தியும் ஃபோகலும் செய்த ஆய்வு 1973இல் வெளியானது. ஒரே கருவில் உருவான 62 ஜோடிகளில் 37 ஜோடிகளில் இருவருக்குமே நோய். தனித்தனிக் கருவில் உருவான 40 ஜோடிகளில் 8இல்தான் அப்படி.

பிற்பாடு எந்த மரபணுக்கள் என்றும் தெரியவந்தது. 2009இல் சீன நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் 'நாட்2' (NOD2) என்ற மரபணு சிக்கியது. பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கை அடையாளம் கண்டு உடம்பை உசுப்பும் புரதம், அந்த மரபணுவிலிருந்துதான் வருகிறது. கிருமியின் துண்டுகளை வெள்ளையணுக்களுக்கு எடுத்துக்காட்டும் 'எச்.எல்.ஏ.' மரபணுக்களுக்கும் இதில் பங்குண்டு. இவற்றில் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவுதான். தாத்தாவின் மரபணுக்களில் பேரனுக்கு வருவது ஏறத்தாழ கால் பங்கு. அது எந்தக் கால் பங்கு என்பது யார் கையிலும் இல்லை. கிருமியே வராவிட்டால் எந்த மரபணுவும் தொழுநோயைக் கொண்டுவராது. ஆபத்தைக் கூட்டும் வேறுபாடுகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம், என்னிடமும் இருக்கலாம். அதனால் மாப்பிள்ளையிடம் மரபணுப் பரிசோதனை கேட்காதீர்கள். அவருக்கு நோய் வருமா வராதா என்று அதில் தெரியாது.

சிகிச்சை தொடங்கும் முன் தாத்தாவோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் மட்டும் ஒருமுறை தோலைக் காட்டிக்கொள்வது நல்லது. கிருமி நுழைந்து நோய் தெரிய சராசரியாக 5 வருடம், சிலருக்கு 20 வருடம்கூட ஆகும். வெளுத்தோ சிவந்தோ, தொட்டால் உணர்ச்சி இல்லாத படை இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். மாத்திரை இலவசம். வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட வேண்டும். அதற்காக முகூர்த்தத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.