பிளாப்பி வாங்கறவங்க கேள்விகளும் என் பதில்களும்

வேலந்தாவளம் வாசகர்: அப்பாவோட நெல் மில் கணக்கு 1989ல இருந்து பெரிய பிளாப்பில கிடக்குது. ஆன்லைன்ல யூஎஸ்பி டிரைவ் வாங்கினேன், பிளாப்பி உள்ளயே போகலை. என்ன பண்றது?

எப்படிங்க போகும்? உங்களுது 5.25 இஞ்ச், வாங்கினது 3.5 இஞ்ச். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஸ்கேல் வெச்சு அளக்க ஒரு நிமிஷம் ஆகுமா? கடையில கிடைக்கிற யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் 3.5 மட்டும்தான். திருப்பி அனுப்ப நாள் இருந்தா இன்னைக்கே அனுப்பிருங்க. உங்களுக்கு வேண்டியது மதர்போர்டுல 34 பின் பிளாப்பி கனெக்டர் இருக்கிற பழைய பிசியும் ஒரு 5.25 டிரைவும்.

கொழிஞ்சாம்பாறை வாசகி: கோயமுத்தூர் கடையில 1.44 எம்பி பிளாப்பி பத்து வாங்கினேன். நல்லாத்தான் எழுதுச்சு, ரெண்டு வாரத்துல பாதி ஃபைல் திறக்கலை. உங்க டிரைவ்தான் கோளாறுங்கறாங்க.

உங்க மேல தப்பே இல்லைங்கம்மா. பிளாப்பில ரைட் புரொடக்ட் தாழ்ப்பாள் (எழுதவிடாம பூட்டறது) இருக்கிற மூலைக்கு எதிர்மூலையில ஒரு ஓட்டை இருக்கும் பாருங்க. கம்பெனியில வந்ததுன்னா சதுரமா, ஓரம் வழவழன்னு இருக்கும். வட்டமா இருந்து, நகத்துல தடவினா பிசிறு தட்டுச்சுன்னா அது 720 கேபி பிளாப்பில டிரில் போட்டது. டிரைவ் அந்த ஓட்டையைப் பார்த்துதான் ஹெச்டி, அதாவது 1.44 எம்பி பிளாப்பின்னு நம்பி நெருக்கமா எழுதுது, ஆனா உள்ள இருக்கிற காந்தப்பூச்சு வேற, எழுதினதை அதால பிடிச்சு வெக்க முடியாது, அன்னைக்கு படிக்கும் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா போயிரும். இதை நினைச்சாலே எனக்கு வயிறு எரியும். 1996ல நானும் இப்படி ஒரு பெட்டி வாங்கி, தங்கச்சி கல்யாண மொய்க்கணக்கை பூரா அதுல ஏத்திட்டு மொய் நோட்டை பழைய பேப்பரோட போட்டுட்டேன். யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்யணும்னு தெரியாம ஒவ்வொரு விசேஷத்துக்கும் அம்மா பட்ட பாடு இன்னும் கண்ணுல நிக்குது.

விடாதீங்க. பில்லையும் அந்த ஓட்டை போட்டோவையும் வெச்சு முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க. அதுல ஆகலைன்னா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே வழக்குப் போடலாம், கடை கோயமுத்தூர்ல இருந்தாலும் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் கமிஷன் போதும், வாளையார் செக்போஸ்ட் தாண்ட வேண்டாம். பொருளுக்குக் குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் இல்லை. 2 வருஷத்துக்குள்ள போடணும்.

பொள்ளாச்சி வாசகர்: பழைய மேக் 800 கேபி பிளாப்பி பிசில படிக்குமா? அடாப்டர் தர்றேங்கறாங்க.

படிக்காது, எழுதின முறையே வேற. அடாப்டர் வாங்காதீங்க. பிசி ‘ஃபார்மேட் பண்ணட்டுமா’ன்னு கேட்டா வேண்டாம்னே குடுங்க.

கோபாலபுரம் வாசகர்: 360 கேபி பிளாப்பில 1.2 எம்பி டிரைவ் வெச்சு எழுதினேன். இப்ப பழைய ஐபிஎம் எக்ஸ்டி கம்ப்யூட்டர்ல படிக்க மாட்டேங்குது. பிளாப்பி போச்சா?

போகலைங்க. 360 டிரைவ் 40 டிராக் (வட்டக் கோடு), 1984ல ஐபிஎம் ஏடி கம்ப்யூட்டரோட வந்த 1.2 டிரைவ் 80 டிராக், அதனால அதோட எழுதற ஹெட் பாதி அகலம்தான். அகலமான பழைய கோட்டு மேல ஒல்லியா புதுசு எழுதுது, ஓரத்துல பழசு மிச்சம் நிக்குது, எக்ஸ்டி ரெண்டையும் சேர்த்துப் படிச்சுட்டு முழிக்குது. ஃபைலை 1.2 டிரைவ்ல படிச்சு எடுத்து வெச்சுக்குங்க. இதுவரைக்கும் ஃபார்மேட்டே பண்ணாத 360 பிளாப்பி ஒண்ணை 1.2 டிரைவ்ல போட்டு, ஃபார்மேட் கமாண்டு கடைசியில சாய்கோடு 4 (/4) சேர்த்து ஃபார்மேட் பண்ணி எழுதினா பெரும்பாலும் எக்ஸ்டி படிச்சிரும். அப்புறம் அதுல எக்ஸ்டி வெச்சு எதுவும் எழுதிராதீங்க, எழுதிட்டு அப்புறம் 1.2 டிரைவ்ல எழுதினா மறுபடியும் இதே தலைவலிதான்.